நன்றாகப் பேசுகிறவனுக்கு எதற்கு ஸ்பீச் தெரபி?

போன மாதம் கடையத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பஞ்சர் ஒட்ட வரவில்லை. அவருடைய அண்ணனுக்குத் தொண்டையில் கேன்சராம், இன்னும் பத்து நாளில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கத் தொடங்குகிறார்களாம். அம்பாசமுத்திரத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு இதே வியாதி வந்து குணமாகிவிட்டது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். பாதிப் பேச்சில் அவர், "அண்ணாச்சி, ஒரு பேனா தாங்க, எனக்கு மறந்துரும்" என்றார். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன், அதன் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு போனார். அவர் போன பிறகு எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. எனக்கு அந்த நேரத்தில் யாரும் இப்படி ஒரு ஸ்டூல் போட்டுச் சொல்லவில்லையே என்றிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதில் இருப்பது என் ஒரு தொண்டை பட்ட பாடு மட்டும்.

2022 ஆகஸ்டில் இடது காதுக்குக் கீழே கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சொத்தைப் பல்லால் நெறி கட்டியிருக்கும் என்று நானே முடிவு செய்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியே இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். அப்புறம் காதுக்குள் குத்தல் வந்தது. திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, நாக்கின் அடிவேரில் புண் இருக்கிறது என்றார். சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர்தான். இருபது வருடம் வெற்றிலையும் புகையிலையும் போட்டவன் நான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆபரேஷன் வேண்டாம், 35 நாள் கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ ஊசி, குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. வருமானச் சான்றையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு இரண்டு தடவை நடந்தேன். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கரண்டுக்கும் கீமோவுக்கும் என் கையிலிருந்து போகவில்லை. ஆனால் இதை நம்பி இருந்துவிடாதீர்கள் என்று பின்னால் சொல்லப் போகிறேன்.

சிகிச்சைக்கு முன்னால் கையில் இரண்டு சீட்டுக் கொடுத்தார்கள். இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்று பல் டாக்டருக்கு. வலது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை, ஆனால் வலிக்கவில்லை. கேன்சரே இருக்கும்போது பல்லுக்கு என்ன அவசரம் என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்னொன்றில் ஸ்பீச் தெரபி என்று இரண்டே வார்த்தை. எதற்கென்று நான் கேட்கவில்லை, அவர்களும் விளக்கவில்லை. நான் நன்றாகத்தானே பேசுகிறேன், பேச்சு வராதவர்களுக்குத்தானே அது என்று நினைத்தேன். ரயில் டிக்கெட்டோடு சேர்த்துக் கசக்கிப் போட்டுவிட்டேன். நான் பட்டதில் பாதி இந்த இரண்டு சீட்டிலிருந்து வந்தது. பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்தான் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிறவர். பேசுகிற இடமும் விழுங்குகிற இடமும் ஒன்றுதானே. இது எனக்குத் தெரிய ஐந்து மாதமும் ஒரு நிமோனியாவும் ஆனது. கரண்ட் தொடங்கும் முன்பே அவரைப் பார்த்து, அப்போது எப்படி விழுங்குகிறோம், வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, பயிற்சியை முதல் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். புண் வந்து அலறும்போது புதிதாக ஒன்றைப் படிக்க முடியாது.

பல் கதையையும் முடித்துவிடுகிறேன். சிகிச்சை முடிந்த நான்காம் மாதம் அதே பல் வலி எடுத்தது. உள்ளூரில் பல்லைப் பிடுங்க உட்கார்ந்தே விட்டேன். கழுத்துத் தோல் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் பழைய சீட்டைக் கேட்டார், பார்த்ததும் கொறடைக் கீழே வைத்துவிட்டார். கரண்ட் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும், பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், கேன்சர் டாக்டரைக் கேட்காமல் இனி எந்தப் பல்லையும் யாரிடமும் பிடுங்கக் கொடுக்காதீர்கள் என்றார். இது ஒரு வருடத்துக்கு மட்டும் இல்லை, ஆயுளுக்கும். கெட்ட பல் இருந்தால் கரண்டுக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்துப் புண்ணை ஆறவிட வேண்டும். எனக்கு வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றினார்கள். அந்த மனிதர் சீட்டைக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

நவம்பர் நடுவில் தொடங்கியது. வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் வைத்து அழுத்தினார்கள், ஆறியதும் என் முகம் மாதிரியே கெட்டியாகிவிட்டது. தினமும் அந்த முகமூடியைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள், பத்து பதினைந்து நிமிடம். வலி கிடையாது. முதல் இரண்டு வாரம் காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி நெல்லை ஜங்ஷனில் இறங்கி, முடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன். மூன்றாவது வாரம் வாயும் தொண்டையும் வெந்து போயின. வேறு வார்த்தை தெரியவில்லை. நாக்கில் ருசி போய், எதை வைத்தாலும் ஈரச் சாக்கை மெல்லுகிற மாதிரி. எச்சில் முதலில் கோந்து மாதிரி கெட்டியானது, அப்புறம் வற்றியே போனது. ஐந்தாவது வாரத்தில் ரயிலில் உட்கார முடியவில்லை. கடைசிப் பதினைந்து நாளும் வாடகைக் கார், நாளுக்கு 1,400 வீதம் 21,000 ரூபாய். காப்பீட்டில் இது வராது.

அந்த வாரங்களில் வாய் கொப்பளிக்க உதவியது ஒன்றே ஒன்று. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். கடையில் விற்கிற காரமான மவுத்வாஷ் ஒரு நாள் பயன்படுத்தினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடாமல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டால் நாலு வாய் கூடுதலாக இறங்கும். இதையும் நான்காவது வாரத்தில் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு அம்மாதான் சொன்னார்.

71 கிலோ இருந்தவன் 60-க்கு வந்ததும், மூக்கு வழியாக வயிற்றுக்குச் சாப்பாடு ஊற்றுகிற ரைல்ஸ் டியூப் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு விடுதலை மாதிரி இருந்தது. இனி விழுங்க வேண்டாம்! எச்சிலைக்கூட விழுங்காமல் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தேன். டியூப் இருக்கும் வரை வாயால் எதுவும் வேண்டாம் என்று வார்டில் ஒருவர் சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வாரம் ஒரு மடக்குக்கூட உள்ளே போகவில்லை. நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான். கால் உடைந்து கட்டுப் போட்டால் கட்டுப் பிரிக்கும்போது கால் சூம்பிப் போயிருக்குமே, அதே கதைதான் தொண்டைக்கும். விழுங்குவது தசை வேலை. கரண்ட் அந்தத் தசையை, வெயிலில் கிடந்த சைக்கிள் டியூப் மாதிரி விறைக்க வைக்கிறது. அந்த நேரத்தில் அசைக்காமலும் விட்டால் விறைத்தது விறைத்தபடியே நின்றுவிடும். டியூப் வயிற்றுக்குச் சோறு போடத்தான். வேறு காரணம் சொல்லி டாக்டர் தடுத்தால் ஒழிய, நாளுக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது எச்சிலையோ, டாக்டர் அனுமதித்த ஒரு ஸ்பூன் எதையோ விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். "டியூப் இருக்கும்போது நான் வாயால் என்ன விழுங்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

டியூபில் ஒரு கூத்தும் நடந்தது. அக்காவுக்கு உளுந்து என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. இடுப்புக்கு பலம், எலும்புக்கு பலம் என்று உளுந்தங்கஞ்சியை கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, துணியில் வடிகட்டிச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டாள். பாதி போகும்போதே அது ஆறி உள்ளுக்குள் உறைந்து நின்றுவிட்டது. வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம், அசையவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்துப் போய் டியூபை மாற்றினோம், புண்ணான தொண்டை வழியாக மறுபடியும். அந்த வலியை எழுத மாட்டேன். ஆறினால் இறுகுகிற எதுவும் டியூபுக்கு ஆகாது. ஊற்றும் முன்பும் பின்பும் வெறும் தண்ணீர் ஐம்பது மி.லி. விட்டுக் கழுவ வேண்டும். ஊற்றும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், ஊற்றி முடித்து அரை மணி முக்கால் மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது.

ஜனவரி முதல் வாரம் 35 முடிந்தது. முடிந்ததும் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு: அதற்குப் பின் வந்த இரண்டு வாரம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட மோசம். கரண்ட் நின்றாலும் அதன் வேலை நிற்காது, இது எல்லோருக்கும் உள்ளது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிப்ரவரி நடுவில் டியூபை எடுத்தார்கள். "இனி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எதை, எப்படி? சோறு பயம், இட்லி பயம். அக்கா, "ஏல, தண்ணியாவது ரெண்டு மடக்கு குடில" என்று செம்பை நீட்டினாள். யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள். இருப்பதிலேயே லேசானது தண்ணீர். முதல் மடக்கிலேயே மூக்கு வழியாக வந்தது, புரையேறி ஐந்து நிமிடம் இருமினேன். அக்கா உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்காவ போல" என்றாள். சிரித்தோம்.

மூன்று நான்கு வாரத்தில் இருமல் குறைந்தது. தண்ணீர் குடித்தாலும் இருமவில்லை. தேறிவிட்டேன் என்று மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். ஆனால் குடித்தபின் பேசினால் குரல் களகளவென்று, தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரி கேட்கும். சாயங்காலம் லேசாக உடம்பு சுடும். சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும், எடை 57-க்கு இறங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்: பலவீனம், பனி, கீமோ. மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி மூச்சு வாங்கி, குளிர் நடுக்கி, பக்கத்தில் எது திறந்திருந்ததோ அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. ஆறு நாள், 74,000 ரூபாய். அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டுத் திட்டத்தில் இல்லை. பின்னால் சொல்லப் போகிறேன் என்றது இதைத்தான். உங்கள் ஊரைச் சுற்றி எந்தெந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி, சுவரில் ஒட்டி வைத்துவிடுங்கள். மூச்சுத் திணறும்போது யாரும் பட்டியல் பார்க்க மாட்டார்கள்.

அங்கே இருந்த நுரையீரல் டாக்டர் ஒருவர்தான், "தண்ணீர் குடிக்கும்போது இருமுவீர்களா?" என்று கேட்டார். முன்பு இருமினேன், இப்போது இல்லை, சரியாகிவிட்டது என்றேன் பெருமையாக. அவர் முகம் மாறியது. மதுரையில் விழுங்கும் சோதனை செய்யுமிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை சீட்டைக் கசக்கவில்லை.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா குழாயைத் தொண்டை வரை விட்டார்கள். 2,500 ரூபாய். எதிரே டிவி. பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பச்சைச் சாயம் கலந்த பாலை ஒரு ஸ்பூன் கொடுத்து, "விழுங்குங்க ஐயா, டிவியைப் பாருங்க" என்றாள். விழுங்கினேன். திரை ஒரு நொடி வெளுத்தது, திரும்பத் தெளிந்தபோது என் தொண்டை முழுக்கப் பச்சை. உணவு போகிற வழியில் கொஞ்சம், ஓரங்களில் தேங்கி நின்றது கொஞ்சம். அதிலிருந்து ஒரு கீற்று மூச்சுக் குழாய்க்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இருமல் வரவில்லை. தொண்டையில் ஒரு உறுத்தல்கூட இல்லை. "இதுதான் ஐயா. உங்களுக்குப் புரையேறுவது நிற்கவில்லை, புரையேறுவது உங்களுக்குத் தெரிவது நின்றுவிட்டது" என்றாள். கரண்டில் அந்த இடத்தின் உணர்வு மழுங்கிவிட்டதாம். பழைய சைக்கிளில் வால்டியூப் போய்விட்டால் காற்று சத்தமில்லாமல் இறங்கும், காலையில் பார்த்தால் டயர் தரையோடு இருக்கும். எத்தனை பேருக்கு மாற்றிக் கொடுத்திருப்பேன். என் தொண்டைக்குள் அதே வேலை நடந்துகொண்டிருந்தது, நான் மகளுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயிலேயே வீடியோ மாதிரி எடுத்துப் பார்க்கிற சோதனையும் உண்டு, பேரியம் கலந்து விழுங்கச் சொல்வார்கள். எது கிடைக்கிறதோ அதைச் செய்துகொள்ளலாம். ஆனால் இரண்டில் ஒன்றாவது செய்யாமல், இருமல் இல்லை என்பதை மட்டும் வைத்து நல்லாயிட்டேன் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். குரல் களகளப்பு, அடிக்கடி லேசான காய்ச்சல், சாப்பிட அரை மணிக்கு மேல் ஆவது, எடை குறைவது, இதில் எது இருந்தாலும் கேளுங்கள்.

அன்றைக்குத்தான் தண்ணீர் ஏன் எதிரி என்று புரிந்தது. மெல்லிய திரவம் ஓடுகிற வேகத்துக்கு விறைத்த தசை மூச்சுக் குழாயின் மூடியை இழுத்து மூடுவதற்குள் அது தவறான வழியில் போய்விடும். கெட்டியாக இருந்தால் மெதுவாக வரும், தசைக்கு நேரம் கிடைக்கும். ரொம்பக் கெட்டி என்றால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். எல்லாம் பதத்தில் இருக்கிறது. இதை அக்காவிடம் வந்து சொன்னபோது, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு விஷயம் பிடிபட்டது. "அப்படிச் சொல்ல வேண்டியதுதானே, பதந்தானே?" என்றாள். தண்ணீரில் கலக்க ஒரு கெட்டிப் பொடி கொடுத்தார்கள். அளவு பார்க்க ஒரு வழியும் சொல்லித் தந்தார்கள்: 10 மி.லி. சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு கலந்ததை 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி எண்ண வேண்டும். வெறும் தண்ணீர் முழுவதும் ஒழுகிவிடும். எனக்குச் சொன்ன பதத்துக்கு 4 முதல் 8 மி.லி. வரை உள்ளே மிஞ்ச வேண்டும். கூழ் வகைக்குக் கரண்டிச் சோதனை. கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், கரண்டியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அக்கா சிரிஞ்சை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கண்ணாலேயே சொல்லிவிடுவாள்.

எனக்கு இறங்கியவை: கேழ்வரகுக் கூழ், நன்றாக மசித்த நேந்திரம்பழம், இளநீர் வழுக்கையை அடித்தது, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு இளக்கமாகக் கிண்டிய உளுந்தங்களி. (டியூபைக் கெடுத்த அதே உளுந்துதான். அக்கா அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.) இறங்காதவை: தோசை, உதிரிச் சோறு, ரொட்டி, மிளகாய் பட்ட எதுவும். ரசம் சோறுதான் நோயாளிக்கு லேசு என்று எல்லா வீட்டிலும் நினைப்போம். அதில் பருக்கையும் தண்ணீரும் தனித்தனியாக இருப்பதால் பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே போய்விடும். எனக்குக் கடைசியாக அனுமதித்தது அதைத்தான். அல்வா இறங்கும் என்று நினைத்தேன், நெய்யில் மிதக்கிறதே. எச்சில் இல்லாத வாயில் அது மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. விரலால் வழித்து எடுத்தேன். நெல்லைக்காரனுக்கு அதைவிட அவமானம் இல்லை.

பயிற்சி என்று ஐந்து கொடுத்தார்கள். முழு பலத்தோடு, கல்லை விழுங்குகிற மாதிரி அழுத்தி விழுங்குவது. விழுங்கும்போது மேலே ஏறுகிற குரல்வளையை இரண்டு மூன்று நொடி அங்கேயே பிடித்து நிறுத்துவது. நாக்கு நுனியைப் பல்லிடையில் மெல்லக் கடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது, இதை வாயில் உணவு வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. மல்லாந்து படுத்து, தோள் எழாமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்ப்பது. அப்புறம் வாயைத் திறக்கும் பயிற்சி. நாளுக்கு மூன்று தடவை. முதல் வாரம் முட்டாள்தனமாகப் பட்டது, கடைக்கு வந்தவர்கள் எனக்குக் கழுத்துச் சுளுக்கா என்று கேட்டார்கள். சாப்பிடும்போது நாடியை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொன்னார்கள். எனக்கு அது பலித்தது. அதே அறையில் இருந்த இன்னொருவருக்கு அப்படிச் செய்தால் அதிகமாக உள்ளே போனது, அவருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பச் சொன்னார்கள். அதனால் நான் எழுதியதைப் பார்த்து நீங்களே தொடங்காதீர்கள். கேமராவில் உங்கள் தொண்டையைப் பார்த்த ஒருவர் சொன்னால்தான் அது உங்களுக்கு.

வாய் திறக்க ஐஸ் குச்சிதான் கருவி. பெட்டிக் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் அடுக்கி வைத்து, எத்தனை போகிறதோ அதைவிட ஒன்றை மெல்ல நுழைத்து அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஏப்ரலில் எனக்கு 11 குச்சி. இரண்டு விரல்கூடச் சரியாக நுழையாது. ஆகஸ்டில் 17 ஆனது. குச்சிக் கட்டைச் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரால் கட்டி கல்லாப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் காலையில் கடை திறந்ததும் பத்து நிமிடம். விட்டால் ஒரு மாதத்தில் இரண்டு குச்சி குறைந்துவிடுகிறது, விட்டுப் பார்த்திருக்கிறேன். இந்த விறைப்பு வருடங்கள் கழித்தும் கூடிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடும் முன் பல் துலக்குவதும் பழக்கமாகிவிட்டது. தப்பித் தவறி ஏதாவது நுரையீரலுக்குப் போனாலும் வாயின் அழுக்கைச் சுமந்துகொண்டு போகக் கூடாதல்லவா. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். என்கிற தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் பட்ட கரண்ட் தைராய்டையும் தொட்டுவிட்டுப் போகும். அடுத்த வருடம் எனக்கு ஓயாத அசதியும் முகத்தில் உப்பலும் வந்து, கேன்சர் திரும்பிவிட்டதோ என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. தைராய்டுதான். இப்போது வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

மொத்தக் கணக்கு: கார் 21,000, நிமோனியா 74,000, சத்துப் பொடியும் கெட்டிப் பொடியும் 18,000, மதுரைப் பயணமும் சோதனையும் பயிற்சியும் 9,000, ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த கடை ஏறக்குறைய 48,000. ஒரு லட்சத்து எழுபதாயிரம். கசக்கிப் போட்ட சீட்டுக்கு விலை போட்டால் இதில் பாதிக்கு மேல் வரும்.

காசைவிட எனக்கு உறைத்தது பந்திதான். ஆவணியில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் முதல் பந்தியில் உட்காராவிட்டால் நன்றாக இருக்காது என்று இழுத்து உட்கார வைத்தார்கள். நான் நாலாவது வாயில் இருக்கும்போது வரிசை முழுக்கப் பாயசத்துக்கு வந்துவிட்டது. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியின் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். நம் ஊரில் நிற்பது எப்படி என்று தெரியுமே, மூச்சு நம் பிடரியில் படும். அவசரத்தில் விழுங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டேன். கை கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் மறுவீட்டுக்குச் சொதி. அக்கா எல்லாப் பந்தியும் முடியட்டும் என்று காத்திருந்து, குழைந்த சோற்றில் சொதியை ஊற்றிக் கூழாகப் பிசைந்து, இஞ்சித் துவையல் இல்லாமல் எனக்கு எதிரே வைத்துவிட்டு அவளும் இலை போட்டு உட்கார்ந்தாள். ஐம்பது நிமிடம் ஆனது. தேங்காய்ப்பால் ருசி லேசாகத் தெரிந்தது. நாக்கு திரும்ப ஆரம்பித்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் நான் கடைசிப் பந்திதான். பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். கேட்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

இப்போது 66 கிலோ. இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டு நாலு சாப்பிடுவேன். தண்ணீரை, நாடியைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு மடக்காக வெறுமனே குடிக்க விட்டிருக்கிறார்கள். தோசை ஓரம் முறுகலாக இருந்தால் ஓரத்தை விட்டுவிடுவேன். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை, ராத்திரி இரண்டு தடவை வாய் காய்ந்து எழுந்துவிடுவேன். எச்சில் முழுசாகத் திரும்பாது போலிருக்கிறது.

கடையத்துக்காரர் நேற்று போன் செய்தார். ஸ்பீச் தெரபி சீட்டை அவர்களே கேட்டு வாங்கிவிட்டார்களாம். பயிற்சி கொடுக்கிறவர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவாராம், இந்த வியாழக்கிழமை பார்த்துவிட்டார்களாம். கீழ்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, புண் ஆறக் கரண்டைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். "ஐஸ் குச்சியும் வாங்கியாச்சு அண்ணாச்சி. அண்ணனுக்கு இப்பவே பத்தொன்பது போவுது" என்றார். என்னைவிட இரண்டு அதிகம். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைக்கச் சொன்னேன்.